சொல்லிவிட்டு எழுதுகிறவர்

எங்கள் தெருவில் மீட்டர் பாய் யார் மீதாவது புகார் எழுதினால், அதை முதலில் அந்த ஆளிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவார். வாசித்து முடித்ததும், "இதுல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். பதினோரு மணிக்கு ஸ்டேஷன்ல குடுக்கப்போறேன்" என்பார். எதிரே நிற்கிறவன் குடித்திருக்கலாம், கையில் கட்டை வைத்திருக்கலாம், அவருக்குப் பேரன் வயதாக இருக்கலாம். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்குத் தெரியாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் குறுக்குத் தெருவில் அவரை எல்லோரும் மீட்டர் பாய் என்றுதான் சொல்வோம். மின்துறையில் ரீடிங் எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இந்தப் பழக்கம் வேலையில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் மீட்டர் பெட்டி பக்கத்தில் ஆணியில் ஒரு அட்டை தொங்கும். இவர் எண்ணைப் பார்த்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சத்தமாகச் சொல்லி, அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் அட்டையில் எழுதுவாராம். டவுனில் மட்டுமல்ல, கனகசெட்டிக்குளம் வரை சைக்கிள் மிதித்துப் போய் அப்படித்தான் எழுதியிருக்கிறார். "சொல்லாம எழுதினா, சரியா எழுதியிருந்தாலும் திருட்டு ரீடிங்னுவாங்கம்மா. சொல்லிட்டு எழுதினா, தப்பா எழுதியிருந்தாக்கூட சண்டை வராது. கூப்பிட்டுத் திருத்துவாங்க" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் சின்ன டார்ச் ஒன்று இருக்கும், பட்டப்பகலிலும். எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, உள்ளே ஏதோ எண் ஓடுவது மாதிரிதான் பார்ப்பார்.

அவர் எங்கள் வாசலில் முதன்முதலாக வந்து நின்றதே எங்கள் மீது புகாரோடுதான். என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. என் தம்பி ஆசைப்பட்டு இரண்டு பெரிய ஸ்பீக்கர் கொண்டுவந்து தெருவில் நிறுத்திவிட்டான். இரண்டாம் நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, மடித்த தாளைப் பிரித்து, பாட்டுச் சத்தத்துக்கு மேலே குரலை எழுப்பி வாசிக்க ஆரம்பித்தார். "மேற்படி வீட்டில் ஸ்பீக்கர் இரண்டு. உயரம் சுமார் நாலு அடி. நேற்று காலை ஆறு பத்து முதல் இரவு பத்தே முக்கால் வரை. இடையில் மதியம் கரண்ட் போனதால் நாற்பது நிமிடம் சத்தம் இல்லை."

அந்த நாற்பது நிமிடத்தையும் விடாமல் எழுதியிருந்ததைக் கேட்டு என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தம்பிதான் எகிறினான். "நல்ல காரியம் நடக்கற வீட்டுல வந்து என்னாங்க இது?"

"நல்ல காரியம்தான் தம்பி. அதையும் எழுதியிருக்கேன் பாருங்க" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். கடைசி வரியில், 'சுப காரியம் என்பதால் நடவடிக்கை வேண்டாம், சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் போதும்' என்று இருந்தது.

சத்தத்தைக் குறைத்தோம். அவர் அந்தத் தாளை எங்கள் கண்ணெதிரே நாலாகக் கிழித்தார், தெருவில் போடாமல் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் விருந்துக்குக் கூப்பிட்டோம். வந்தார், சாப்பிட்டார், மகளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு வேண்டியவர்.

வேண்டியவர் என்றாலும் அவரோடு பேசுவது அப்படியொன்றும் சுலபமில்லை. "தினமும் குப்பைய கொண்டாந்து நம்ம வாசல்ல கொட்டறாங்க பாய்" என்று ஒருநாள் சொன்னேன். "தினமும்னா? திங்கக்கெழம கொட்டினாங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தால் திங்கட்கிழமை நான் பார்க்கவில்லை. "அப்ப தினமும்னு எழுத முடியாதும்மா. பாத்தது எத்தனை நாளோ அத மட்டும் சொல்லுங்க." முனிசிபாலிட்டியை அவர் பழைய ஆட்கள் மாதிரி பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொல்வார். "மேரிக்கு எழுதறேன். புதன், வெள்ளி, ரெண்டு நாள்." எனக்கு எரிச்சலாக வரும். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னால்தான் எந்தக் காகிதமும் நகரும் என்று பழகியவள். இவர் பத்தை எண்ணிப் பார்த்து ஒன்பது என்பார்.

வார விடுமுறைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதற்கென்றே எங்கள் தெருவில் ஒரு வீட்டை மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அங்கே மொட்டை மாடியில் ஒரே கும்மாளம். ஞாயிறு காலை பாய் படியேறிப் போய், தூக்கம் கலையாத நாலு பையன்களை உட்கார வைத்து, தன் புகாரைத் தமிழில் முழுவதுமாக வாசித்தார். ஒருவனுக்குத்தான் தமிழ் தெரியும். அவன் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தான். "பாட்டில் பதினொன்று" என்று வாசித்தபோது அவர்களில் ஒருவன் எழுந்துபோய் எண்ணிவிட்டு வந்து பன்னிரண்டு என்றான். பாய் அடித்துத் திருத்திக்கொண்டார். அதன் பிறகு அவர்களே மன்னிப்புக் கேட்டு, மாடியைக் கூட்டி, பாட்டில்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் என் வீட்டுக்காரர் மட்டும், "இந்த மனுசன் ஒருநாள் யார்கிட்டயாவது அடி வாங்கத்தான் போறாரு" என்றார்.

அடி வாங்கினார். வாங்க வைத்தது நான்.

என் மகள் பிளஸ் டூ படித்த வருடம் அது. எங்கள் வீட்டுக்கு எதிர்சாரியில் அப்போது ஒரு காலி மனை இருந்தது. ஒயின்ஷாப் இரண்டு தெரு தள்ளித்தான். நாலு பேர் மதியம் மூன்று மணிக்கெல்லாம் வந்து உடைந்த சுவர்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். குடிப்பார்கள், பாட்டிலை உடைப்பார்கள், போகிற வருகிற பெண்களைப் பார்த்துப் பாடுவார்கள். என் மகள் ட்யூஷனுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவள் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். நான் பாயிடம் போய் நின்றேன்.

அவர் மூன்று நாள் பார்த்தார். எழுதினார். பிறகு வழக்கம்போல மனைக்குப் போய் அவர்கள் நடுவில் நின்று வாசித்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் எழுந்து நின்று கேட்டான். அவன் பெயர் தினேஷ், பக்கத்துத் தெருப் பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். பேசி முடித்துவிட்டு பாய் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு வாரம் டைம் கேக்கறாங்கம்மா. அந்த தினேஷ் நல்ல பையன். தீயணைப்பு வேலைக்கு ஓட்டம், பரீட்சை எல்லாம் முடிச்சு லிஸ்ட்ல பேரு வந்திருக்காம். இனிமே போலீஸ் விசாரிப்பாங்க. இந்த நேரத்துல கேஸுன்னு ஒண்ணு வந்தா அவ்ளோதான். மத்தவங்கள வேற எடத்துக்குக் கூட்டிப் போயிடறேன், மனையையும் சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன்னு சொல்றான். சரின்னுட்டேன். ஒரு வாரம் வரைக்கும் எங்க தெருவிலேர்ந்து புகார் போகாதுன்னு வார்த்தை குடுத்திருக்கேன்."

"எங்க தெருவிலேர்ந்துன்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா. உங்களையும் சேத்துத்தான். அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

"சரி பாய்" என்றேன். அந்தச் சரி என் வாயிலிருந்து வந்ததுதான். யாரும் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பாட்டில் எங்கள் கேட்டில் வந்து உடைந்தது. நாலாம் நாள் அவர்களில் ஒருவன் என் மகளைப் பார்த்து, "ஹால் டிக்கெட் வந்துடுச்சா, நாங்களும் கூட வரவா?" என்று கேட்டிருக்கிறான். தினேஷ் அவனைத் திட்டினான் என்றும் மகள் சொன்னாள். அந்தப் பாதி என் காதில் ஏறவில்லை. ஐந்தாம் நாள், சனிக்கிழமை மதியம், ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூன்று பேர் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தினேஷ் ஒரு உரச்சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து காலிப் பாட்டில்களைப் பொறுக்கி அதில் போட்டுக்கொண்டிருந்தான்.

பால் பூத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உங்கள் பகுதியில் யாராவது தொந்தரவு செய்தால் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள், உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று. அந்த எண்ணை நான் முன்பே சேமித்து வைத்திருந்தேன். போனை எடுத்தேன். மற்ற மூவரின் முகம் தெரியவில்லை. தினேஷ் நிமிர்ந்த ஒரு நொடியில் அவன் முகமும் கையிலிருந்த பாட்டிலும் தெளிவாக விழுந்தன. சாக்கு சுவருக்குப் பின்னால் மறைந்துபோனது.

பின்னால் நின்ற என் மகள், "அம்மா, அவன் பொறுக்கிட்டுத்தானே இருக்கான்?" என்றாள்.

"நீ உள்ள போய்ப் படி."

படத்தோடு ஒரு வரியும் அனுப்பினேன். 'இவர்கள் தினமும் குடித்துவிட்டுப் பெண்களைக் கேலி செய்கிறார்கள்.' தினமும் என்றுதான் எழுதினேன். இவர்கள் என்றுதான் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. நாலு பேரையும் ஏற்றினார்கள். தினேஷ் சாக்கைக் காட்டி என்னவோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது. காபி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் காலை பாய் வந்தார். எப்போதும் வாசலில் நின்றே பேசுகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போயிருந்தார். மகளை உள்ளறைக்குப் போகச் சொன்னேன்.

"நேத்து ஸ்டேஷனுக்குப் போனேன்மா. அந்தப் பையனுக்காகப் பேசலாம்னு. அங்க இருந்தவரு நம்ம தெருவிலேர்ந்துதான் வந்துச்சுன்னு போட்டோவ காட்டினாரு. மேலேர்ந்து எடுத்தது. ஓரத்துல ஜன்னல் கம்பி தெரியுது. பாப்பாவோட ஸ்கூல் துப்பட்டா காயறதும் தெரியுது."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குரல் உயரவே இல்லை.

"உங்க கோவம் எனக்குப் புரியுதும்மா. பொண்ணு வச்சிருக்கறவங்க. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல, பயப்படாதீங்க. எனக்குத் தெரியும்ங்கறத உங்ககிட்ட சொல்லணும் இல்லியா, அதான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையன் குடிக்கல, பாட்டில பொறுக்கிட்டு இருந்தேன்னு சொல்றான். நீங்க பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன் பாய்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "அப்ப ஸ்டேஷனுக்கு வந்து அத ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா. நான் கூட வரேன். நானே எழுதிடலாம், ஆனா நான் கண்ணால பாக்கல. பாக்காதத நான் எழுத முடியாது. படம் எடுத்தவங்க சொன்னாதான் எடுபடும். வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்தா அவன் பேர விட்டுடலாம்னு சொல்றாங்க."

"வீட்டுக்காரர் வரட்டும் பாய். கேட்டுட்டு சொல்றேன்."

"கேளுங்கம்மா. நல்லா கேட்டுட்டே வாங்க."

நான் என் வீட்டுக்காரரிடம் கேட்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து அல்ல. போய்ச் சொல்லிவிட்டு வா என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து. மகளுக்குப் பரீட்சை இருக்கிறது, ஸ்டேஷன் வாசல் மிதித்தால் பள்ளியில் என்ன சொல்வார்கள், மற்ற மூன்று பேருக்கும் நான்தான் என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகும். காரணத்துக்கா பஞ்சம்? வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். புடவை கட்டினேன். கேட் வரைக்கும் போனேன். தெரு முனையில், ஜாமீனில் வந்திருந்த அந்த மூவரில் ஒருவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்க்கக்கூட இல்லை. திரும்பி வந்து புடவையை மடித்து வைத்துவிட்டேன்.

பாய் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் நிஜமா என்று தெரியாது.

ஒன்றரை மாதம் கழிந்திருக்கும். ஒரு காலை எட்டு மணி வாக்கில் தெருவில் சத்தம். ஜன்னலுக்கு வந்தேன். தினேஷ் பாய் வீட்டு வாசலில் நின்றிருந்தான். வேலை போய்விட்டது, லிஸ்டிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள் என்று அவன் பேச்சிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்தது.

"ஒரு வாரம்னு சொன்னீங்களே பாய். உங்க தெருவிலேர்ந்து போகாதுன்னு சொன்னீங்களே. உங்கள நம்பித்தானே சாக்க எடுத்துட்டு வந்தேன்? யாரு குடுத்தது?"

பாய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"நீங்க இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நம்பறேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர் தலையைத் தூக்கினால் போதும். அவர் வீட்டு வாசலிலிருந்து எங்கள் ஜன்னல் நேராகத் தெரியும். நான் கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தேன். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை, என்ன செய்ய.

"நான்தான் தம்பி" என்றார் பாய்.

"சொல்லாமயா குடுத்தீங்க?"

"ஆமா. சொல்லாமதான் குடுத்தேன். தப்புதான்."

இத்தனை வருடம் அந்தத் தெருவில் வாழ்ந்த மனிதரிடம் ஊரே இதை மட்டும் எதிர்பார்க்கவில்லை. தினேஷ் இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். அவர் கேட்டில் மோதி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி தெறித்து விழுந்தது, முழங்கையில் ரத்தம். ஓடி வந்தவர்கள் அவனைப் பிடித்தார்கள். அடித்தவன்தான் அழுதுகொண்டிருந்தான். "பெரிய நியாயஸ்தன் மாதிரி படிச்சுக் காட்டினாரே, கழுத்தறுத்துட்டாரே" என்று சொல்லிச் சொல்லி அழுதான். பாய் கீழே உட்கார்ந்தபடியே, "விடுங்கப்பா, அவன விடுங்க" என்றார். ஒருமுறைகூட அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அப்போதே இறங்கி ஓடியிருப்பேனோ என்னவோ. அந்தச் சங்கடத்தைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் புகார் எழுதவில்லை. கோணத் தெரு ஆட்கள் யாரோ வந்து, கடைக்காரன் ஒருவன் சாக்கடையை அடைத்துவிட்டான், எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, "என் வார்த்தைக்கு இப்ப மதிப்பு இல்லைங்க. நான் போய் வாசிச்சா சிரிப்பாங்க. வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லி அனுப்பினாராம். சிரித்ததும் உண்மைதான். அவர் தெருவில் நடந்தால் அந்த மூன்று பேரும், "பாய், இன்னிக்கி சொல்லிட்டு குடுக்கறீங்களா, சொல்லாமயா?" என்று கேட்பார்கள். பெரியவர்கள்கூட அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைத் தவிர நான் வேறு எதுவும் செய்யவில்லை.

என்னிடம் அவர் மாறவே இல்லை. "பாப்பா பரீட்சை எப்படி எழுதுச்சு?" என்று கேட்டார். மகள் நல்ல மார்க் வாங்கி நர்சிங் சேர்ந்தபோது இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். அவர் என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடக் கடைசியில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு காரைக்காலில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். வண்டியில் சாமான் ஏற்றும்போது வழியனுப்ப நாலு பேர்தான் நின்றோம்.

தினேஷ் தண்ணீர் கேன் போடுகிற வேலைக்குப் போனான். எங்கள் வீட்டுக்கும் அவன்தான். நாலு வருடம், வாரம் இரண்டு கேன், தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருவான். "அக்கா, கேன்" என்பான். ஒரு கெட்ட பேச்சு கிடையாது. கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு குழந்தை. அவன் கேனை ஸ்டாண்டில் கவிழ்க்கும்போதெல்லாம் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

போன மாதம் பாய் காரைக்காலில் இறந்துபோனார். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டார்கள். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. நானும் ஒரு ஜோடி போட்டேன். போட்ட பிறகு அந்த போனையே பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து தினேஷ் வந்தான். கேனை வைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "மீட்டர் பாய் போயிட்டாராமேக்கா" என்றான்.

"ஆமாம்ப்பா."

"செத்தவங்கள தப்பா பேசக் கூடாது. ஆனா மனசு ஆறலக்கா. எத்தனையோ பேரு எனக்கு எவ்வளவோ பண்ணாங்க, மறந்துட்டேன். அவரு பண்ணத மட்டும் மறக்க முடியல. அவர அவ்ளோ நம்பினேன்."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "தினேஷ், அந்தப் போட்டோவ எடுத்தது நான். அனுப்பினதும் நான்தான். அவரு இல்ல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தான். கிட்டப் போய் கம்பி வழியாக எட்டிப் பார்த்தான். அந்த மனையில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது, சுவர்தான் தெரியும்.

"நான் பாட்டில் பொறுக்கிட்டு இருந்தத பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"பாய்க்குத் தெரியுமா, நீங்கன்னு?"

"மறுநாளே தெரியும்."

அவன் கத்துவான், திட்டுவான், கையை ஓங்கினாலும் ஓங்குவான் என்று நினைத்தேன். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். வந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும் என்று இருந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தக் கையாலதான்க்கா அவர தள்ளினேன்" என்றான். பிறகு மெதுவாக, "அவரு இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா? காரைக்கால் என்ன அவ்ளோ தூரமா? பஸ் ஏறிப் போய் கால்ல விழுந்திருப்பேனே. நாலு வருஷம் டைம் இருந்துச்சேக்கா" என்றான்.

அவன் காலி கேனை எடுக்காமலே இறங்கிப் போனான்.